மூக்கு விலகிய கொக்கு

அம்மிணி,

நீ போனில் கேட்டதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். துணியில் படம் அடிக்கிற, கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்கிரீன் நான்கு, சாயம் இழுக்கிற ரப்பர் கட்டை ஒன்று, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறம் ஒவ்வொன்றாக ஏறுவது தெரியும்படி அடித்த துணி நான்கு, அப்புறம் நூல் எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி. திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், மாப்பிள்ளையை வந்து வாங்கிக்கொள்ளச் சொல். புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நீ அந்தப் படப் பாடத்தை நடத்தப்போகிறாய் என்று கேட்டதும் எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. சந்தோஷம் பாதி. மீதியைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லவேண்டும். அந்தோணி குடும்பத்தைப் பற்றி இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மூட்டையை அனுப்ப மனசு வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எட்டாவது வரைக்கும் போனவள் என்கிற மிடுக்கு அவளுக்கு இன்னும் போகவில்லை. நான் பேசுகிற மாதிரியே எழுது என்றால், "உங்க பேச்சை அப்பிடியே எழுதுனா டீச்சரூட்டுக்கு வந்த கடுதாசியாட்டவா இருக்கும்? நீங்க சொல்லுங்க, நான் திருத்திக்கறேன்" என்கிறாள். அதனால் இதில் எங்காவது நான் பெரிய படிப்பாளி மாதிரி தெரிந்தால் நம்பிவிடாதே.

இன்றைக்கு ஞாயிறு. மத்தியானத்திலேயே கரண்ட் போய்விட்டது. மண்ணரை முழுக்க பனியன் கம்பெனி மெஷின் சத்தம் அடங்கி, ஊர் தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பதுபோல இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் கண்ணை மூடினால் எனக்கு எங்கள் பிரிண்டிங் ஷெட்தான் வரும். நீளமான டேபிள். அதன்மேல் இன்னும் தைக்காத நெஞ்சுத்துணிகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும். முதலில் மஞ்சளை இழுத்துக்கொண்டு போவோம். அப்போது அது ஒன்றுமே இல்லை, வெயில் விழுந்த மாதிரி ஒரு கறை. அடுத்து சிவப்பு வரும், கறைக்குள் ஏதோ புரண்டு படுக்கும். நீலம் வந்ததும் மூச்சு விடும். கடைசியில் கறுப்பு ஸ்கிரீனைத் தூக்குகிறபோது, டேபிள் நெடுக ஒரே பெண் நூறு தடவை நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். முப்பது வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவன் நான். அவள் புள்ளிதான், சாயம்தான் என்று தெரிந்தும், தூக்குகிற நொடியில் ஒவ்வொரு தடவையும் மனசு ஏமாறும். அப்படி ஏமாறுவது பிடித்துத்தான் வேறு வேலைக்குப் போகாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

படம் என்றதும் உன் அப்புச்சி ஞாபகம் வருகிறது. எங்கள் கல்யாணம் முடிந்து அவினாசியில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். பின்னால் திரையில் பெரிய ஏரி, அன்னப்பறவை, அக்கரையில் மலை. போட்டோவை சேவூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், உன் அப்புச்சி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க மாப்ள, தாலி கட்டுன அன்னைக்கே புள்ளையை இத்தனை தூரம் கூட்டிட்டுப் போயிருக்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்படாதுங்களா?" என்றார். அது துணிங்க மாமா, சீலையில் வரைந்தது என்று எவ்வளவு சொல்லியும், "தண்ணி அலையடிக்குதுங்களே" என்று சாதித்துவிட்டார். உன் அம்மா இதை எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். அவர் சாகிறவரைக்கும் யாராவது வந்தால் அந்தப் போட்டோவைக் காட்டி, என் மகள் போன ஏரி என்று சொல்வாராம். அந்த ஏரியால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. நான் பார்த்த படம் அப்படியில்லை.

செல்போன் கையில் இருப்பதே ஒரு கௌரவம் என்றிருந்த காலம் போய், கேமரா உள்ள போன் வந்துகொண்டிருந்த நேரம் அது. உனக்குத்தான் தெரியுமே. டீக்கடையில் நான்கு பேர் கூடினால் ஒருவன் போனிலிருந்து இன்னொருவன் போனுக்குப் பாட்டும் படமும் கம்பியில்லாமல் தாவும். எங்கிருந்து கிளம்பியது, யார் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. சீட்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், வந்துவிட்டது என்பார்கள். அந்த மாசம்தான் லைன் வீடுகளில் திருட்டு போய்க்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனிக்குப் போய்விடுகிற வீடுகள், பட்டப்பகலில் பூட்டை உடைத்தார்கள். எல்லாரும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு படம் வந்தது. இவன்தான் திருடன் என்ற பேச்சோடு வந்தது.

உன் வகுப்பில் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார்கள், நீயும் பார்த்தாய். அதில் ஆள் குனிந்திருப்பான். முகம் கசங்கின மாதிரி இருக்கும், இன்னார் என்று அடையாளம் சொல்லவே முடியாது. சட்டை மட்டும் தெளிவு. நெஞ்சில் மூன்று கொக்கு. அந்தோணிதான் அவன் என்று ஊரே சொன்னது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன், நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் வீட்டில் தூங்குகிறவன். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி வெளியே இழுத்து அறைந்தார்கள். வீட்டுக்குள் புகுந்து பெட்டியைக் கவிழ்த்தார்கள். அடியில் அந்தக் கொக்குச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. பார், ஒளித்து வைத்திருக்கிறான் என்றார்கள். அவன் மகள் ஷீபா உன் வகுப்புப் பிள்ளை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். "எல்லாரும் சொன்னாங்க, எல்லாரும் சொன்னாங்கன்னு சொல்றாங்கப்பா. எல்லாரும் ஒரே நேரத்துலயா சொல்லுவாங்க? மொத ஆளுன்னு ஒருத்தர் இருக்கோணும்ல?" என்று என்னைக் கேட்டாய். நான், "ஊர் வாயை யாரு கண்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்து போனேன்.

முதல் ஆள் நான்தான், அம்மிணி.

அந்தக் கொக்கு நான் அடித்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவருக்கு சாம்பிள் போட்டோம். ஒரே ஒரு பீஸ். அதில் நடுக்கொக்கின் சிவப்பு மூக்கு, முகத்தை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்துவிட்டது. பையர் வேண்டாம் என்றுவிட்டார். சட்டையாகத் தைத்திருந்த அந்தப் பீஸை நான் அந்தோணிக்குக் கொடுத்தேன். டீக்கடையில் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். எனக்கு வேறெதுவும் தெரியவில்லை, அந்த மூக்கு மட்டும் தெரிந்தது. "அட, இது என்ற கொக்குங்க! ஒரே பீசு அடிச்சது. நம்ம அந்தோணிக்கு நான்தான் குடுத்தேன்" என்றேன். கடைக்காரர், "நெசமாலுமாங்க?" என்றார். "என்ற கையில அடிச்சது எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணு, அந்த நேரத்தில் திருடன் என்கிற நினைப்பே எனக்கு இல்லை. நான் அடித்த ஒரு கொக்கு எங்கெங்கோ பறந்துவிட்டு ஒரு போனுக்குள் வந்து நிற்கிறதே என்று மயங்கிப்போயிருந்தேன். பின்னால் ஒருத்தன், "அவன் பகலெல்லாம் ஊட்லயேதான கெடக்கறான்" என்றது காதில் விழுந்தது. விழுந்தும், டீயைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டேன். அந்தப் படத்துக்கு வாய் கிடையாது. அதற்கு நான் ஒரு வாயைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

இந்த இடத்தில் உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரியும். அந்தோணி பெண்சாதியும் இவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தோணி சம்சாரம் என்ற மடியில தலைய வெச்சு அழுதுச்சுங்க. நீங்க அப்ப உள்ளதான உக்காந்திருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய், கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மடித்தாள். திரும்பி வந்து, "சொல்லுங்க, எழுதறேன். ஆனா நீங்க அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லாம இந்தக் கடுதாசி ஊட்டை விட்டுப் போகாது" என்றாள்.

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷீபா வீட்டுக்கு நீ மூன்று நாள் நடந்தாய். அவளிடம், உங்கப்பாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அந்தப் படத்தை நாம் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், நீ சம்மதித்தால்தான் என்று கேட்டுக் கூட்டிவந்தாய். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் அதுவரைக்கும் பூப்போட்ட துணி மூடி, சாமி மாதிரி இருந்தன. நீ அதில் படத்தை ஏற்றி, முதலில் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, இந்தப் படத்தின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும், வரையுங்கள் என்றாய். நீ கேட்டுக்கொண்டபடி நான் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தேன். ஒரு பிள்ளை ஓடுகிற போலீசை வரைந்தது. ஒன்று, அந்த ஆளின் கையைப் பிடித்திருக்கிற குழந்தையை வரைந்தது. ஒன்று தேர்த்திருவிழாக் கடைகளை வரைந்தது. ஷீபா, போனைக் கையில் பிடித்துப் படம் எடுக்கிற ஆளை வரைந்தாள். இன்றைக்கும் எதையாவது போட்டோவில் பார்த்தால் என் மனசு அதன் ஓரத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. அங்கே வெயிலா, நிழலா, யார் சிரிக்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிடுகிறேன்.

அப்புறம் படத்தைப் பெரிசாக்கினாய். "மிஸ், பின்னால கடை போர்டு இருக்குது. தமிழே இல்லீங்க மிஸ்!" என்று ஒரு பெண் கத்தியது. எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான், பூச்சி ஊர்ந்த மாதிரி. டீக்கடையில் படித்தவர்கள் இருந்தார்கள், அவர்களும் கொக்கைத்தான் பார்த்தார்கள், போர்டைப் பார்க்கவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டாய். நான் நான்கு நிறத்தையும் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கொடுத்து நியூஸ் பேப்பர் படத்தைப் பார்க்கச் சொன்னேன். "ஐயோ, மூஞ்சியே காணோம், புள்ளிதான் இருக்குது" என்று பிள்ளைகள் சிரித்தன. அப்போதுதான் ஷீபா எழுந்தாள்.

"ஐயா, ஒரு ஸ்கிரீன்ல எத்தனை சட்டை அடிக்கலாம்?"

"எத்தனை வேணும்னாலும் அடிக்கலாம் சாமி."

"அப்ப ஒரு சட்டையப் பாத்து, இது இன்னாரோட சட்டைன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

அவள் துணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள். நீ பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நான் ரப்பர் கட்டையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். நீ திரும்பி, "நல்ல கேள்வி ஷீபா" என்று சொல்லி, பிள்ளைகளைக் கைதட்ட வைத்தாய்.

மறுநாள் கம்பெனியில், என்னோடு டேபிளில் நிற்கிற மணியனைக் கேட்டேன். "நீங்க ஊர்க் கோயிலுக்குப் பொங்கல் வெக்கப் போயிருந்தீங்களே, அப்ப அந்த ஸ்கிரீன்லயே வடக்கத்திக்காரர் ஒருத்தருக்கு ஒரு லோடு அடிச்சு அனுப்புனமுங்க. மூக்கு தள்ளியேதான் உழுந்துச்சு. ஸ்கிரீனுக்கு எடுத்த ஃபிலிமே தப்புங்க, கை என்ன பண்ணும்?" என்றான். என் கை பிசகினதால் மூக்கு விலகியது, அதனால் அது உலகத்தில் ஒன்றே ஒன்று என்று நான் நம்பியிருந்தேன். பிசகு ஸ்கிரீனிலேயே இருந்திருக்கிறது. அந்த மாதிரி எத்தனையோ கொக்கு வடக்கே எந்தெந்தத் தெருவிலோ நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரு படத்தை நூறாக்குகிற வேலை செய்கிறவன், ஒரு படத்தைப் பார்த்து இது ஒன்றுதான் என்று சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் மன்னிக்கலாம்.

உன் பாடத்துக்குப் பிறகு ஊர்ப்பேச்சு அடங்கியது. ஆனாலும் அந்தோணி குடும்பம் அந்த மாசமே நெருப்பெரிச்சல் பக்கம் குடிபோய்விட்டது. நீயும் அதோடு அந்த முதல் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டாய். நானும் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

இதுவரைக்கும் எழுதியது போன ஞாயிறு. இனிமேல் வருவது இந்த ஞாயிறு. நடுவில் நான் நெருப்பெரிச்சல் போய்விட்டு வந்தேன். உன் அம்மாவும் வந்தாள். அந்தோணி வாசலில் நின்று, "வாங்க அண்ணாச்சி, என்ன இம்புட்டு தூரம்?" என்று நாற்காலி போட்டான். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. கிறிஸ்துமசுக்குப் போடணும்னு அந்தச் சட்டைய மடிச்சு வச்சிருந்தேன். ஒரு நாளு கூட உடம்புல போடல. அது என்கிட்ட இருக்கதே உங்களுக்கும் என் வீட்டுக்கும்தான் தெரியும். வேற யாரு சொல்லியிருக்க முடியும்?"

"அப்பறம் ஏந்தம்பி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா வருவீகன்னு இருந்தேன். இந்தா, வந்துட்டீகள்ல." நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எங்கிட்ட சொன்னது சரி அண்ணாச்சி. ஆனா டீக்கடையில சொன்னத டீக்கடையிலதான் சொல்லணும். அங்க இன்னும் நான் திருடன்தான். சம்பளம் வாங்க அந்தப் பக்கம் வந்தா, ஆளாளுக்குச் சைக்கிளைப் பூட்டுதாவ" என்றான்.

உன் அம்மாவிடம் அவன் பெண்சாதி பேசவில்லை. காபி மட்டும் கொண்டுவந்து வைத்தாள். ஷீபா உள்ளேயிருந்து வரவில்லை. நான் அதை எதிர்பார்த்தும் போகவில்லை.

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். நாலு பேர் இருக்கிற நேரம் பார்த்து, சத்தமாகத்தான் சொன்னேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அது பழைய கதைங்க, இப்ப எதுக்குங்க கெளர்றீங்க?" என்றார். ஒருத்தன், "அவன் இல்லீன்னா வேற எவனோ. உடுங்க" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தை டீ ஆறுவதற்குள் மூன்று தெரு தாண்டியது. இன்றைக்குச் சொன்னது கடை வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. யாரும் அதை யாருடைய போனுக்கும் அனுப்பவில்லை. இதைத்தான் உன் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். இதற்கு என்னிடம் ஸ்கிரீன் இல்லை.

அதனால் நானும் உன் அம்மாவும் வீடு வீடாகப் போக ஆரம்பித்திருக்கிறோம். அன்றைக்குக் கூட்டத்தில் யார் யார் நின்றார்கள் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சீரியல் முடியட்டும் என்று உட்கார வைத்து, முடிந்ததும் மறந்துபோய் வேறு கதை பேசினார்கள். நேற்றைக்கு ஒரு வீட்டில், அயர்ன் மாஸ்டர் ஒருத்தர், நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். "நானும் ஒரு அறை உட்டனுங்க. அவன் என்னைத் திருப்பி அடிக்கக்கூட இல்லீங்க. அடுத்த வாரம் நெருப்பெரிச்சலுக்கு நானும் வாரேன், வழி காட்டுங்க" என்றார். அவர் ஒருத்தர் கிடைத்திருக்கிறார். இன்னும் நிறைய வீடு இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான் கண்ணு. திண்டுக்கல் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லு. ஷீபா பெயரையும் அந்தோணி பெயரையும் மாற்றிச் சொல்லு, அவர்கள் இதைச் சுமந்தது போதும். என் பெயரை மாற்றாதே. எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் கேட்கும், முதலில் சொன்னது யார் மிஸ் என்று. அப்போது, எங்கப்பா என்று சொல்லு. சொல்லிவிட்டு உடனே அடுத்த பாடத்துக்குப் போய்விடாதே. அவர் நல்லவர்தான், தெரியாமல் செய்துவிட்டார் என்றும் சேர்த்துச் சொல்லாதே. கொஞ்ச நேரம் சும்மா நில்லு. அந்தப் பிள்ளைகள் உன் முகத்தைப் பார்க்கட்டும். உனக்கு வெட்கமாக இருந்தால், அதையும் பார்க்கட்டும்.

அம்மாவின் கையெழுத்தில்,
உன் அப்பன்.